கிர்க்பிக்குப் போன ஆசிரியர்கள்

(அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரில் ஆசிரியர்கள், பயிற்சி ஆசிரியர்கள், பெற்றோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒலிபெருக்கிக்குப் போட்டியாகச் சாலையில் சிமென்ட் லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. அவை ஓயட்டும் என்று காத்திருந்தால் கூட்டம் நாளைக்குத்தான் தொடங்கும். கொஞ்சம் உரக்கப் பேசுகிறேன். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.

வெளிநாட்டுப் பள்ளியில் பயிற்சி எடுக்கும் ஆசிரியரைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். இந்த மாதிரித் தலைப்பு வந்தாலே யாராவது ஒருவர் ஃபின்லாந்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அங்கே அப்படி, அங்கே இப்படி என்று அரை மணி நேரம் கேட்டுவிட்டு, பெருமூச்சு விட்டு, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். இன்றைக்கு அந்தப் பெருமூச்சு வேண்டாம். நம் ஆட்கள் போன ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். லிவர்பூல் நகரத்துக்குப் பக்கத்தில் கிர்க்பி என்று ஓர் ஊர். அங்கே 1952 முதல் 1962 வரை ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடந்தது. இருந்தது இங்கிலாந்தில்; ஆனால் அது மலாயாவின் கல்லூரி. படித்தவர்கள் எல்லோரும் மலாயாவிலிருந்து போன இளைஞர்கள், இளம்பெண்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர். இந்தியர் என்றால் மலாயாவில் பெரும்பாலும் தமிழர்தான்.

ஏன் அவ்வளவு தூரம் போனார்கள்? மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சி 1945இல் முடிந்தது. மூன்றரை ஆண்டு படிப்பு கெட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பள்ளிக்குத் திரும்பினார்கள். ஆங்கிலப் பள்ளிகளில் இடம் இல்லை, இடம் இருந்தால் ஆசிரியர் இல்லை. உள்ளூரில் புதிதாகக் கல்லூரி கட்டி, விரிவுரையாளர்களைத் தேடிப் பிடித்து, பிறகு மாணவர்களைச் சேர்ப்பதற்குள் காலம் ஓடிவிடும். அதனால் மாணவர்களையே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்று கிர்க்பியில் சும்மா கிடந்தது. அதுதான் கல்லூரி ஆயிற்று. இரண்டாண்டுப் படிப்பு. பிறகு வுல்வர்ஹாம்ப்டன் அருகே பிரின்ஸ்ஃபோர்ட் லாட்ஜ் என்ற இடத்தில் 1955இல் இன்னொன்றும் தொடங்கினார்கள்.

முதலில் போனவர்கள் என்ன பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தைப்பிங்கிலோ கிள்ளானிலோ வளர்ந்த பிள்ளை. அதுவரை அவன் கண்ட வெள்ளைக்காரர் யார்? தோட்டத்துத் துரை, மாவட்ட அதிகாரி, பள்ளிக்கு வரும் இன்ஸ்பெக்டர். எல்லோரும் மேலே இருந்தவர்கள். இங்கிலாந்தில் இறங்கினால் சர்க்கரைக்கு ரேஷன், இறைச்சிக்கு ரேஷன். போரில் ஜெயித்த நாட்டில் 1954 வரை ரேஷன் அட்டை இருந்தது. கிர்க்பியோ அப்போதுதான் ஊராகிக்கொண்டிருந்தது. 1951இல் சுமார் 3,000 பேர் இருந்த இடத்தில் பத்தே ஆண்டில் 50,000 பேருக்கு மேல் இருந்தார்கள். லிவர்பூலின் நெருக்கடியான சந்துகளிலிருந்து புது வீடுகளுக்கு மாற்றப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் அவை. அந்தச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குத்தான் மலாயாவின் பயிற்சி ஆசிரியர்கள் போனார்கள். வகுப்பறையின் ஓரத்தில் உட்கார்ந்து கவனித்தார்கள். பிறகு எழுந்து நின்று பாடம் நடத்தினார்கள்.

இந்த ‘எழுந்து நின்று’ என்பதில்தான் என் பேச்சு முழுவதும் இருக்கிறது.

அந்தப் பயிற்சி ஆசிரியர் ஆங்கிலம் படித்தவர். கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதித் தேறியவர். ஆனால் அவர் படித்தது புத்தக ஆங்கிலம். முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பேசுவது லிவர்பூல் துறைமுகத்து ஆங்கிலம். அவர் கேட்டது அவனுக்குப் புரியவில்லை, அவன் சொன்னது அவருக்குப் புரியவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டு, கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாமல், ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை திருதிருவென விழிக்கிறான். ஆளும் இனம் என்று ஊரில் சொல்லிக்கொடுத்தார்களே, அது இதுதானா? அரசியல் வகுப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது, ஒரு கணக்குப் பாடமே போதும்.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தைச் சொல்ல நம் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

இங்கே பயிற்சி ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். கீழப்பழுவூர் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம் உங்களுக்கெல்லாம் தெரிந்த இடம். பி.எட். படிப்பவர்களும் இருப்பீர்கள். பி.எட். இரண்டாண்டுப் படிப்பான 2015 முதல் பள்ளியில் இருக்க வேண்டிய காலம் மொத்தம் 20 வாரம். அதில் 16 வாரம் ஒரே தொடர்ச்சியாக. இன்டர்ன்ஷிப் என்கிறோம், முன்பு டீச்சிங் பிராக்டிஸ் என்றோம். அதற்கு ரெக்கார்டு எழுதுகிறீர்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு லெசன் பிளான். ஆர்வமூட்டல், அறிமுகம், பாட வளர்ச்சி, வலுவூட்டல், மதிப்பீடு, தொடர்பணி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்பைப் பச்சை மையில் எழுதி, அடியில் அலைக்கோடு வேறு.

அந்தப் பக்கத்தை எடுத்துக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடது பக்கம் ‘ஆசிரியர் செயல்’. வலது பக்கம் ‘மாணவர் செயல்’. ஆசிரியர் செயலில் எழுதியிருக்கிறது: “மாணவர்களே, உங்கள் வீட்டில் என்னென்ன விலங்குகள் வளர்க்கிறீர்கள்?” வலது பக்கம், மாணவர் செயலில்: “ஆடு, மாடு, நாய், கோழி.” வகுப்பு நடப்பதற்கு முதல் நாள் இரவே பிள்ளையின் பதிலை எழுதிவிட்டோம்! மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், எங்க மாட்டைப் போன வாரம் வித்துட்டாங்க” என்று சொன்னால் என்ன செய்வது? ரெக்கார்டில் அது இல்லை. “சரி, உட்காரு” என்கிறோம். அடுத்த பிள்ளை “ஆடு” என்கிறது. முகம் மலர்ந்து “வெரி குட்” என்கிறோம்.

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்புகளைப் பார்த்த காலத்தில் இப்படிப்பட்ட காட்சிகளை நிறையக் கண்டிருக்கிறேன். பயிற்சி ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மதிப்பெண் போடுகிறவர் அந்த வலது பக்கம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். அதோடு, அந்தப் பதிலை முன்கூட்டியே எழுத அவரால் முடிகிறது. அவரும் இந்த மாவட்டம், பிள்ளையும் இந்த மாவட்டம். வீடு தெரியும், தெரு தெரியும், எந்தச் சாதி எந்தத் தெரு என்றுகூடத் தெரியும். தெரியும் என்ற அந்த நினைப்பில்தான் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

கிர்க்பியில் நின்ற பயிற்சி ஆசிரியரால் அந்த வலது பக்கத்தை எழுத முடிந்திருக்காது. லிவர்பூல் துறைமுகத் தொழிலாளியின் வீட்டில் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தான் தெரியும். கேட்ட பிறகும் பதில் புரியாமல் இரண்டாவது தடவை கேட்க வேண்டும். வெட்கப்பட வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு மூன்றாவது தடவை கேட்க வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் இதைவிடப் பெரிய பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்நிய நாட்டுப் பள்ளி இதைக் கட்டாயமாக்குகிறது, அவ்வளவுதான். ஸ்மார்ட் போர்டு பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை, அது பக்கத்துச் செந்துறை வரைக்கும் வந்துவிட்டது.

கிர்க்பியைப் பற்றி இன்னும் இரண்டு சேதி. 1956 பிப்ரவரி 7ஆம் தேதி மலாயாவின் விடுதலைத் தலைவர் துங்கு அப்துல் ரகுமான் அந்தக் கல்லூரிக்கு வந்தார். லண்டனில் விடுதலைப் பேச்சுவார்த்தை முடியும் தறுவாய். மலாயா 1957 ஆகஸ்ட் 31இல் சுதந்திரம் பெறும் என்ற செய்தியை அவர் அந்தப் பயிற்சி ஆசிரியர்கள் முன்னால்தான் சொன்னார். ஊருக்குத் திரும்பி மலாக்காவில் பெருங்கூட்டத்தில் அறிவித்தது பிறகுதான். துங்கு கெடா அரச குடும்பத்துப் பிள்ளை. கெடா என்றால் நம் கடாரம். இதே மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ராஜேந்திர சோழன் படை அனுப்பிய அதே கடாரம். சரித்திரத்துக்கு அவ்வப்போது இப்படி ஒரு குறும்பு.

இன்னொரு சேதி அவ்வளவு இனிப்பானதல்ல. கிர்க்பிக்குப் போன தமிழர்கள் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் படித்துத் தேறியவர்கள். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலிருந்து நேராக அங்கே போக வழி கிடையாது. தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. துரைமார் ஒரு கொட்டகையைக் காட்டி இதுதான் பள்ளி என்றார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் வாத்தியார். பல இடங்களில் அவருக்குத் தோட்டத்தில் வேறு வேலையும் இருந்தது. பாடப்புத்தகம் சென்னையிலிருந்து வரும். அந்த வாத்தியாருக்கு யாரும் கப்பல் டிக்கெட் எடுத்துத் தரவில்லை. யாரை அனுப்புகிறோம் என்ற கேள்வியில் எப்போதும் இந்த ஓரவஞ்சனை ஒளிந்திருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதுவரை நம் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போனவர்கள். அங்கிருந்து இங்கே வந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்ட்ரூ பெல் என்று ஸ்காட்லாந்துப் பாதிரியார். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் முடிதிருத்துபவரின் மகன். 1787இல் சென்னைக்கு வந்தார், 1789இல் எழும்பூரில் சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளியைப் பொறுப்பேற்றார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள். பிள்ளைகளுக்கு அரிச்சுவடி ஏறவில்லை, மாதக்கணக்காக இழுக்கிறது. ஒரு நாள் பெல் வெளியே போனபோது ஒரு தமிழ்ப் பள்ளியைப் பார்க்கிறார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதுகிறார்கள். நமக்கு அது அதிசயமா? நம் தாத்தாவெல்லாம் அப்படித்தான் எழுதினார். பெல்லுக்கு அதிசயம். ஓடிவந்து தம் ஆசிரியர்களிடம் இப்படிச் செய்யுங்கள் என்றார். முடியாது என்றார்கள். சரி என்று எட்டு வயதுப் பையன் ஒருவனை, ஜான் ஃபிரிஸ்கன் என்று பெயர், அரிச்சுவடி வகுப்புக்கு வாத்தியாராக்கினார். பெரிய வாத்தியார்களால் முடியாததை அந்தப் பையன் செய்து காட்டினான்.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை வழக்கம்தான். பெல் 1796இல் ஊர் திரும்பி, மறு ஆண்டே லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்திலும் அதற்கு அப்பாலும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இது என் முறை என்று சண்டைக்கு வந்தார். பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர்.

இந்தக் கதையை நம் பெருமைக்காக மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பெல் அந்நியராக இருந்ததால்தான் மணலைப் பார்த்தார், அது சரி. ஆனால் எவ்வளவு நேரம் பார்த்தார்? திண்ணையில் இருந்தது இருபது முப்பது பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் அப்பனையும் பாட்டனையும் வாத்தியாருக்குத் தெரியும். சட்டாம்பிள்ளைக்கு மேலே அந்த வாத்தியார் உட்கார்ந்திருந்தார். லண்டனுக்குப் போனதும் அந்த முறை என்னவாயிற்று? ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள், ஒரே ஓர் ஆசிரியர், மற்ற வேலையெல்லாம் சட்டாம்பிள்ளைகள் தலையில். செலவு மிச்சம் என்று பணக்காரர்களுக்கு மெத்த மகிழ்ச்சி. எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர் கொண்டுபோவது இப்படித்தான் ஆகும்: மணல் போய்ச் சேர்ந்தது, திண்ணை போகவில்லை.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி வந்தது வேறு மாதிரி. 1939 நவம்பரில் சென்னை அடையாறுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் குதித்ததும் அவர் எதிரி நாட்டுக் குடிமகள் ஆகிவிட்டார். ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இங்கேயே இருக்க நேர்ந்தது. அதில் சில ஆண்டுகள் கொடைக்கானலில். எழுபது வயதைக் கடந்த, உலகம் கொண்டாடிய அம்மையார், அந்த மலையில் பல வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, செடியும் கல்லும் பூச்சியும் பார்த்து, தம் முறையையே விரித்தெழுதினார். பேரண்டக் கல்வி என்று அவருடைய சீடர்கள் இன்று சொல்வது பெரும்பாலும் அங்கே உருவானது. எட்டிப் பார்த்ததற்கும் தங்கிப் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம் இது.

நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றும் உண்டு, இங்கே நரைத்த தலைகளுக்கெல்லாம் நினைவிருக்கும். செயல்வழிக் கற்றல், ஏபிஎல். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் ஆந்திராவிலுள்ள ரிஷி வேலிக்குப் போனார்கள். அங்கே ஓராசிரியர் கிராமப் பள்ளிகளில் அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாமாகக் கற்பதைப் பார்த்தார்கள். மொழி வேறு, சூழல் வேறு. திரும்பிவந்து தம் பள்ளிகளுக்கு ஏற்ற அட்டைகளைத் தாமே செய்தார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் பின்னால் நின்றார். அது உருப்படியாக நடந்தது. பிறகு சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் ஒரே வீச்சில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை பூசினார்கள். அட்டையும் கற்றல் ஏணிப் படமும் லாரியில் வந்து இறங்கின. ரிஷி வேலியில் போய் உட்கார்ந்தவர்கள் சிலர். அட்டைப் பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர்கள் பலர். எந்தப் பள்ளியில் அது உயிரோடு இருந்தது, எந்தப் பள்ளியில் இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் பெட்டி திறந்தது என்பதை நீங்களே எனக்குச் சொல்ல முடியும். அதே ரிஷி வேலி முறையை ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க், வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் வந்து இருந்து ஆராய்ந்து நூலே போட்டிருக்கிறார்கள்.

இனி இன்றைய நிலைமை. 2024 அக்டோபரில் ‘கனவு ஆசிரியர்’ விருது பெற்றவர்களை அரசு பிரான்சுக்கு அழைத்துப் போனது. நல்ல காரியம். அரசுப் பள்ளி ஆசிரியர் பாஸ்போர்ட் எடுத்துப் பாரீஸ் போய் வருவது என்பதே நம் பக்கத்தில் ஒரு கௌரவம், அதை நான் இளப்பமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அது விருது. நன்றாகப் பணியாற்றியதற்குக் கொடுக்கும் மரியாதை. பழக்கம் படிந்து, தன் முறை இதுதான் என்று ஊன்றிவிட்ட ஆசிரியர் ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார். வியப்பார், படம் எடுப்பார். வகுப்பில் நின்று தடுமாறும் வாய்ப்பு அவருக்கு அங்கே இல்லை. தடுமாற வேண்டியவர் பயிற்சி ஆசிரியர். இருபத்திரண்டு வயதில் தடுமாறினால் அது படிப்பு. ஐம்பது வயதில் அதே தடுமாற்றம் அவமானமாகத் தோன்றும்.

என்னைக் கேட்டால் ஒரு சில பேரையாவது, இரண்டாம் ஆண்டில், அந்த 16 வாரத்தில் ஆறு வாரம் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் பயிற்சி ஆசிரியர் குறைந்தது இரண்டு பள்ளிகளிலாவது பாடம் நடத்தியிருக்க வேண்டும் என்று விதி. ஒரே பள்ளியில் பழகினால் அந்தப் பள்ளிதான் உலகம் என்று ஆகிவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. நமக்கும் இருக்கலாம்.

எந்த நாட்டுக்கு? உடனே லண்டன், ஹெல்சின்கி என்று போகாதீர்கள். திருச்சி விமான நிலையம் இங்கிருந்து இரண்டு மணி நேரம். அங்கிருந்து கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானம் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் கூலி வேலைக்கு ஏறுகிற அதே விமானம்தான். இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது, தோட்டப் பகுதிப் பள்ளிகளுக்குத் தமிழ் ஆசிரியர்களை உருவாக்குகிற இடம். இலங்கையின் கல்வியியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்பு. இரண்டாண்டு கல்லூரியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு பள்ளியில் பயிற்சி. நாம் 16 வாரம் என்றாலே சலித்துக்கொள்கிறோம், அவர்களுக்கு ஓர் ஆண்டு! மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. மொழி ஒன்றுதானே, அப்புறம் எப்படி அந்நியம் என்று கேட்கலாம். போய் நின்று பாருங்கள். உங்கள் தமிழ் அந்தப் பிள்ளைக்குப் பாதி புரியும், அதன் தமிழ் உங்களுக்குப் பாதி புரியும். நீங்கள் “வயல்” என்று சொல்லும்போது தேயிலை மலையில் பிறந்த பிள்ளை எதை நினைக்கிறது? ரெக்கார்டின் வலது பக்கம் அப்போதும் எழுத முடியாது.

பெற்றோர் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. “இதனால வேலை கிடைக்குமா சார்?” வெளிப்படையாகச் சொல்கிறேன், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2023 பிப்ரவரி முதல் இங்கிலாந்து இந்திய ஆசிரியர்களின் தகுதியைச் சில பாடங்களுக்கு ஏற்கத் தொடங்கியிருக்கிறது. அதை வைத்து ஏஜென்டுகள் கடை விரித்திருக்கிறார்கள். அது வேலைக்குப் போவது. போனவர் பெரும்பாலும் திரும்ப மாட்டார். நான் சொல்வது திரும்பி வருவதற்காகப் போவது.

அடுத்த கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டீர்கள், நானே கேட்கிறேன். நம் பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். இருபத்தோரு வயதுப் பெண்ணை ஆறு வாரம் கடல் கடந்து அனுப்புவதா? வரன் பார்க்கிற நேரத்தில்? கிர்க்பிக்குப் பெண்களும் போனார்கள். 1950களில், மலாயாவில் கம்யூனிஸ்ட் கலகமும் ஊரடங்கும் நடந்துகொண்டிருந்த காலத்தில், கல்யாணமாகாத பிள்ளையைக் கப்பலேற்றி இரண்டு ஆண்டுக்கு அனுப்பிய தகப்பன்மார் இருந்தார்கள். அவர்களும் நம்மைப்போல ஊர் வாய்க்கு அஞ்சியவர்கள்தான். இரண்டு பேராகச் சேர்த்து அனுப்புங்கள், அங்கே ஓர் ஆசிரியை வீட்டில் தங்கட்டும், வாரம் ஒரு நாள் வீடியோவில் பேசட்டும். ஏற்பாடு செய்ய முடியாத விஷயம் இல்லை. ஆனால் பெண் என்பதற்காகப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால், தோட்டத்து வாத்தியாரை விட்டுவிட்டு நகரத்துப் பிள்ளையை மட்டும் கப்பலேற்றிய பழைய கதையே திரும்பும். பட்டியலில் முதல் பெயர் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவருடையதாக இருக்கக் கூடாது என்பதும் என் கட்சி. குடும்பத்தில் முதல் பட்டதாரி, முதல் பாஸ்போர்ட், அப்படி ஒருவர் போகட்டும்.

பணம்? அரசாங்கம் நாளைக்கே தராது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் தோண்டும் ஆலைகள் இருக்கின்றன. சமூகப் பொறுப்பு நிதி என்று ஒன்று சட்டப்படியே இருக்கிறது. வகுப்பறைக்கு வெள்ளையடித்து, பெயர்ப்பலகை மாட்டி, படம் எடுத்துக்கொள்வதற்கு ஆகும் செலவில் இரண்டு பேரை மலையகம் அனுப்பலாம். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு வார்த்தை. அங்கிருந்து ஒரு பயிற்சி ஆசிரியர் இங்கே, இந்த ஊர்ப் பள்ளிக்கு வந்தால் என்ன பார்ப்பார்? இந்த மண் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. பிளான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதிப் பாறைகளை அளந்து பிரித்தார். ஸ்டோலிச்கா என்ற மொராவியாக்காரர் இங்கே கிடைத்த கிளிஞ்சல்களையும் நத்தைகளையும் பெயர் சூட்டி வரிசைப்படுத்தினார். அரியலூர் என்ற பெயர் உலகத்துப் புவியியல் மாணவர்களுக்கெல்லாம் தெரியும். வாரணவாசியில் அருங்காட்சியகமே இருக்கிறது, பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? ஒன்பதாம் வகுப்பில் பாறை வகைகள் பாடத்துக்குச் சார்ட் பேப்பரில் கலர் பென்சிலால் அடுக்குகள் வரைகிறோம். வெளியூர்க்காரர் வந்தால் முதல் வாரமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாரணவாசிக்குப் போய்விடுவார். “இந்த மாதிரிக் கல்லை எங்கே பார்த்தாய், யார் எடுத்தார்கள்?” என்று கேட்பார். அவருக்குத் தெரியாது, அதனால் கேட்பார்.

அதே பள்ளியில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் இன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும் பயிற்சி ஆசிரியர் டிக்கெட் எடுக்காமலே வெளிநாடு போய்விட்டார். அந்தப் பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, வருகைப் பதிவேட்டில் டிக் அடித்து, எமிஸ் இணையதளத்தில் ஏற்றிவிட்டு, லெசன் பிளானில் “ஆடு, மாடு” என்று எழுதினால், கோலாலம்பூர் போனாலும் அதையேதான் எழுதுவார். அதனால் யாரை அனுப்புவது என்று தேர்வு செய்யும்போது நேர்காணல் வைக்காதீர்கள். தமிழ் தெரியாத ஒரு பிள்ளை இருக்கும் வகுப்பில் பத்து நாள் விட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன மொழி, அதன் அம்மா என்ன வேலை செய்கிறார், அது எதைக் கண்டு சிரிக்கிறது என்று பத்தாம் நாள் சொல்லத் தெரிந்தவருக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் கொடுங்கள்.

போய்த் திரும்பியவரிடம் பவர்பாயிண்ட் கேட்காதீர்கள். அவருடைய லெசன் பிளான் நோட்டை மட்டும் வாங்கிப் பாருங்கள். வலது பக்கம் முதல் நாள் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். பிள்ளைகள் சொன்னது பிறகு அவசர அவசரமாக, கோணலாக, அடித்துத் திருத்தி எழுதப்பட்டிருக்க வேண்டும். பச்சை மை இருந்தால் சந்தேகப்படுங்கள். அதற்கப்புறம் அவரை இந்த ஊரில் ஐந்தாம் வகுப்பில் ஒரு பாடம் நடத்தச் சொல்லி, மூத்த ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து குறை சொல்லுங்கள், தாராளமாக.

இங்கே இருக்கும் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். அடுத்த இன்டர்ன்ஷிப்பில் ஒரே ஒரு பாடத்துக்கு, ஒன்றே ஒன்றுக்கு, அந்த மாணவர் செயல் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு வகுப்புக்குள் போங்கள். மதிப்பெண் குறைத்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தலைமையாசிரியர்கள் சிரிக்கிறார்கள், சிரித்த அளவுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பேருந்துக்குப் போக வேண்டியவர்கள் எழுந்திருப்பது தெரிகிறது. இருப்பவர்கள் கேள்வி கேளுங்கள்.